இடம் மாறிய எஞ்சின்

விராலிமலை அடிவாரத்தில் பழைய மாருதி 800 ஒன்றைக் கண்டதும் நமக்குக் கோவை கரிவர்தன் நினைவில் எழுந்தார்.

சோழவரம் ஓடுதளத்தில் சீறிய பந்தயக் கார்கள் பலவும் செல்வர்கள் அயல்நாட்டிலிருந்து தருவித்தவை. கரிவர்தனும் ஆலை அதிபர் குடும்பத்தவரே. எனினும் எளியோருக்கும் எட்டும் காரையே எண்ணினார். 1980களில், இதே குடும்பக் காரின் 796 சிசி எஞ்சினை, கோவையில் உருவான இரும்புக்குழாய்ச் சட்டத்தில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே அமர்த்தினார். முன்சக்கரங்களை இழுத்த எஞ்சின் பின்சக்கரங்களை உந்தியது. அதுவே ஃபார்முலா மாருதி.

அவ்வகைக் காரில் பயின்ற நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1 களம் கண்ட முதல் இந்தியரானார். அதைக் காணக் கரிவர்தன் இல்லை. 1995இல் வான்விபத்தில் மறைந்திருந்தார்.

மன்னர் கொடைகளுக்குக் கல்வெட்டுகள் உள. பட்டறைகளின் வரலாற்றை நாமன்றோ எழுதிவைக்க வேண்டும்?