விக்கிரமசிங்கபுரம்

விக்கிரமசிங்கபுரம், திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரம் வட்டத்தில், தாமிரபரணி பொதிகை மலையை விட்டுச் சமவெளியில் இறங்கும் இடத்தில் உள்ள ஆலை நகரம். நகராட்சித் தகுதி பெற்றது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறத்தாழ 47,000. முழுப்பெயர் பத்திரத்திலும் பெயர்ப்பலகையிலும் இருக்கும், பேச்சில் வி.கே.புரம்தான். தென்காசியிலிருந்து கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாகப் பாபநாசம் போகும் பஸ்கள் இந்த ஊரைத் தொட்டுச் செல்கின்றன. மேற்கே ஆற்றங்கரையில் இருக்கும் பாபநாசம் (தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம் வேறு) கோயிலாலும் அருவியாலும் அணையாலும் பெயர் பெற்றுவிட்டதால், அதன் நிழலில் வி.கே.புரத்தை வெளியூர்க்காரர்கள் கவனிப்பதில்லை. ஆனால் தென் தமிழ்நாட்டில் இயந்திரத் தொழில் வேர்பிடித்த முதல் இடங்களில் இது ஒன்று.

ஆலைக்கு முந்திய ஊர் புலவர்களின் ஊர். சைவ சித்தாந்த உரைகளில் தலையாயதாகக் கருதப்படும் சிவஞான மாபாடியத்தை எழுதிய சிவஞான முனிவர் பிறந்தது இங்கே. இளம் வயதிலேயே திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்து துறவியானவர், 1785-இல் மறைந்தார். காஞ்சிப்புராணம் பாடிய கை, தொல்காப்பியச் சூத்திர விருத்தியும் எழுதியது. வடமொழித் தருக்கத்தையும் தமிழ் இலக்கணத்தையும் ஒருங்கே ஆண்ட அப்படிப்பட்ட உரையாசிரியர் அவருக்குப்பின் அரிது. சிங்கைச் சிலேடை வெண்பா பாடிய நமச்சிவாயக் கவிராயரும் இவ்வூர்க்காரர். வெற்றிலை மென்றபடி அவர் பாடிக்கொண்டு நடக்க, பாபநாசத்து உலகம்மை பின்னாலேயே கேட்டுக்கொண்டு வந்தாள் என்றும், எச்சில் தெறித்து அம்மன் சேலை கறைபட்டது என்றும் ஒரு கதை இன்றைக்கும் சொல்லப்படுகிறது. அக்காலத்தில் ஊரின் பொருளாதாரம் நெல்தான். கார், பிசானம் என்று இரண்டு போகம்.

அந்த நெல்லுக்கும் பின்னால் வந்த ஆலைக்கும் காரணம் ஒன்றே. தாமிரபரணி தோன்றும் அகத்தியர் மலைப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை ஏதாவதொரு மழை மலைக்காட்டை நனைத்துக்கொண்டிருக்கும். ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடல் சேரும் இந்த ஆறு, தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே முடிகிறது. கோடையில் மெலிந்தாலும் வற்றுவது அபூர்வம். பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தம், அகத்தியர் அருவி என்று பாறை பாறையாக விழுந்து, கோயில் படித்துறைக்கு வரும்போது சமதளம் கண்டுவிடுகிறது. அதாவது ஆறு கடைசியாகக் குதிக்கும் இடமும், ஜனங்கள் குடியிருக்கத்தக்க தரையும் கூப்பிடு தூரத்தில் அமைந்துவிட்டன.

குற்றாலத்தில் அருவிக்குப் பஞ்சமில்லை. பேரருவியும் ஐந்தருவியும் இதே மலைத்தொடரில்தான் விழுகின்றன. குற்றாலத்துச் சிற்றாறும் கடைசியில் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. வெள்ளைக்கார அதிகாரிகளும் உடம்பு தேற்றிக்கொள்ளக் குற்றாலத்துக்குத்தான் போனார்கள். ஆனால் அங்கே ஆலை எதுவும் எழவில்லை. குற்றாலத்துக்கு இருப்பது சீசன். சாரல் அடங்கிச் சில மாதங்களில் அருவி பாறையில் கோடாகிவிடும். குளிக்கிறவன் சீசனுக்குக் காத்திருப்பான். கதிர் சுற்றும் இயந்திரத்துக்கு ஆண்டு முழுக்கத் தண்ணீர் வேண்டும்.

இதைக் கணக்குப் பார்த்தவர்கள் ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள். தூத்துக்குடியில் வியாபாரம் நடத்தி வந்த ஏ. அண்ட் எப். ஹார்வி கம்பெனி 1880-களின் நடுவில் 'தின்னவேலி மில்ஸ்' என்ற பெயரில் இங்கே நூற்பாலை தொடங்கியது. நிலக்கரி கிடைக்காத தென்னாட்டில் நீராவி இயந்திரம் ஓட்டுவது பெருஞ்செலவு. கோவில்பட்டிக் கரிசலில் பருத்தி, தூத்துக்குடியில் துறைமுகம், பாபநாசத்தில் காசில்லாத சக்தி என்ற மூன்றையும் ஒரே மாவட்டத்துக்குள் அவர்கள் கண்டார்கள். அருவிக்கு மேலேயே தண்ணீரைப் பிரித்து, குழாய் வழியே கீழே விட்டு, சுழலியைத் திருப்பி, அந்தச் சுழற்சியைத் தண்டுகளாலும் வார்களாலும் ஆலைக்குள் கொண்டுபோவது அக்கால முறை. வேலை முடித்த தண்ணீர் மறுபடி ஆற்றிலேயே விழும். வடக்கே பெல்காம் பக்கம் கோகாக் அருவியை நம்பி ஒரு நூற்பாலை எழுந்ததும் ஏறக்குறைய இதே காலத்தில்தான்.

தண்ணீர் திரும்பி ஆற்றுக்கு வருவது சின்ன விஷயமாகத் தெரியலாம்; இங்கே அதுதான் பெரிய விஷயம். ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று பழைய அணைக்கட்டுகள் ஏழு. ஆங்கிலேயர் கட்டிய ஸ்ரீவைகுண்டத்தைச் சேர்த்து எட்டு. இன்றைய கணக்கில் இவற்றின் பாசனம் ஏறத்தாழ 86,000 ஏக்கர். முதல் அணைக்கட்டு இருப்பதே பாபநாசத்துக்குக் கிழக்கே சற்றுத் தூரத்தில். ஆலை தண்ணீரைக் குடித்திருந்தால் ஊரே திரண்டிருக்கும். அது தண்ணீரின் விழுகையை மட்டும் எடுத்துக்கொண்டது. அதனால்தான் நெல்லும் நூலும் ஒரே ஆற்றில் பிழைக்க முடிந்தது.

ஆலை தொடங்கியபோது திருநெல்வேலி வரைதான் ரயில் இருந்தது (1876). பஞ்சுப்பொதியும் நூல்கட்டும் மாட்டுவண்டியில்தான் போய்வர வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்பாசமுத்திரம், தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு மீட்டர்கேஜ் பாதை வந்து, 1904-இல் மலையைக் குடைந்து கொல்லம் பக்கம் இணைந்தது. வி.கே.புரத்துக்கு இன்றுவரை ரயில் இல்லை. அம்பாசமுத்திரம் போய்த்தான் ஏறவேண்டும்.

ஹார்விகள் அடுத்துத் தூத்துக்குடியில் கோரல் மில்லையும் மதுரையில் மதுரை மில்லையும் கட்டினார்கள். இம்மூன்றும் பின்னாளில் மதுரை மில்ஸ் என்ற ஒரே நிறுவனத்துக்குள் வந்தன. சரித்திரத்தில் அதிகம் பேசப்படுவது கோரல் மில். 1908 பிப்ரவரி இறுதியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற வேலைநிறுத்தம் மார்ச் முதல் வாரத்தில் தொழிலாளர் வெற்றியில் முடிந்தது. மார்ச் 12-இல் தலைவர்கள் கைதானார்கள், மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. அதன் தொடர்ச்சியாக 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டு, தானும் மாண்ட வாஞ்சிநாதன், தென்காசிக்கு அடுத்த செங்கோட்டைக்காரர். முதலாளி ஒருவரே ஆனாலும் துறைமுக ஆலை நாட்டு அரசியலின் நடுவே நின்றது. மலையடிவார ஆலை ஒதுக்குப்புறத்தில் நூற்றுக்கொண்டிருந்தது. வரலாற்று நூல்கள் பாபநாசத்துக்கு ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வதற்கு இதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

ஆலை ஊரை உருவாக்கிய விதம் தனியே சொல்லத்தக்கது. சிவந்திபுரம், அம்பலவாணபுரம், அடையக்கருங்குளம், அகஸ்தியர்பட்டி ஆகிய சுற்றுக் கிராமங்களின் ஆட்கள் வயலிலிருந்து மில்லுக்கு மாறினார்கள். அறுப்புக்கூலி நெல்லாக அளக்கப்பட்ட நாட்டில் மில் கூலி ரொக்கமாக வந்தது. மழை பொய்த்த வருஷத்திலும் வந்தது. நேரத்தை மில் சங்கு சொன்னது. ஒரு ஷிப்ட் விட்டு அடுத்த ஷிப்ட் ஏறும் நேரத்தில் ரோடு சைக்கிளால் நிறையும். டீக்கடையும் புரோட்டாக் கடையும் பலசரக்குக் கடைப் பற்றும் சம்பள நாளை வைத்தே நடந்தன. மில்லில் வேலை என்றால் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள் என்ற காலம் ஒன்று இருந்தது. அப்பா வேலை மகனுக்கு என்ற எதிர்பார்ப்பும் அதோடு வளர்ந்தது. மில்லுக்குள் வேலை கடினம்தான். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமிலும் சீவும் கார்டிங்கிலும் பஞ்சுத்தூசி. நூற்கும் பகுதியில் நூல் அறாதிருக்கச் செயற்கையாய் ஏற்றிய ஈரப் புழுக்கம். காது மரத்துப்போகும் இரைச்சல். சம்பளமும் பி.எப்.பும் போனஸும் சங்கங்களின் நெடுநாள் போராட்டத்தால் படிப்படியாக வந்தவை.

ஆலை நூல் பக்கத்துத் தறி ஊர்களையும் மாற்றியது. சௌராஷ்டிரர் நெய்யும் வீரவநல்லூர் சில மைல் தூரம். தென்காசிப் பக்கம் கடையநல்லூர், புளியங்குடி எல்லாம் தறிச்சத்தம் கேட்ட ஊர்கள். ராட்டை நூலை நம்பிய நெசவு ஆலை நூலுக்கு மாறியது நாடெங்கும் நடந்ததுதான். இதில் ராட்டை சுற்றிய பெண்களின் வருமானம் போனதைச் சேர்த்துச் சொல்லாமல் ஆலையின் நன்மையை மட்டும் எழுதுவது பாதிக் கணக்கு.

1938-இல் தொடங்கி உலகப்போரின் நடுவே 1944-இல் முடிந்த பாபநாசம் நீர்மின் திட்டம் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டது. மலைமேல் காரையாறில் 143 அடி அணை. அங்கிருந்து விடும் நீர் கீழணையில் தேங்கி, குழாய்களில் இறங்கி அடிவார மின்நிலையத்தைச் சுழற்றும். இன்று அதன் திறன் 32 மெகாவாட். பைக்காரா, மேட்டூர் மின்சாரத்தோடு பாபநாசத்து மின்சாரமும் கம்பியில் இணைந்தபிறகு, சக்தி எங்கே பிறக்கிறதோ அங்கேயே ஆலை இருக்க வேண்டிய அவசியம் ஒழிந்தது. கோவில்பட்டியிலும் ராஜபாளையத்திலும், அருவியைக் கண்ணால் பாராத கரிசல் காட்டிலும்கூட, ஆலை ஓட்டலாம். வி.கே.புரம் தன் தனிச்சலுகையைத் தன் ஆற்றிடமே இழந்தது என்பதுதான் இந்நகர வரலாற்றின் முடிச்சு. ஆயினும் ஆலை இடம்பெயரவில்லை. அறுபது ஆண்டில் பழகிய கைகள் இங்கே இருந்தன. கட்டடமும் குடியிருப்பும் இருந்தன.

1974-இல் மதுரை மில்ஸ், ஜே. அண்ட் பி. கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. கோட்ஸின் பூர்வீகம் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி; ஒயிட் கார்ட் என்ற சிற்றாற்றின் கரையில் அமைந்த தையல்நூல் நகரம். நெப்போலியன் போரில் பட்டு வரத்து நின்றபோது தையலுக்குப் பருத்தி நூலைப் பழக்கிய ஊர் அது. கிளார்க் குடும்பம் ஒன்று, கோட்ஸ் குடும்பம் ஒன்று என இரண்டு ஆலைகள் அங்கே போட்டியிட்டு 1896-இல் ஒன்றாயின. உலகெங்கும் தையல்காரரின் நூல்கண்டில் அந்த ஊர்ச் சரக்கு இருந்தது. பெய்ஸ்லியில் நூல் தயாரிப்பு 1990-களின் தொடக்கத்தில் நின்றுபோனது. ஆலைக் கட்டடங்களில் சில இன்று குடியிருப்புகள். தாய் ஆலை மூடிய பிறகும் தாமிரபரணிக்கரைக் கிளை தையல்நூல் செய்துகொண்டிருப்பது வேடிக்கைதான். மதுரா கோட்ஸின் ஆயத்த ஆடைப் பிரிவு 1999-இல் பிர்லா குழுமத்துக்குக் கைமாறியது. நூல் தொழில் கோட்ஸிடமே தங்கியது.

ஆலை இருந்தாலும் ஊரைத் தாங்கும் பாரம் இப்போது அதன் தோளில் இல்லை. நவீன இயந்திரம் குறைந்த கைகளைக் கேட்கிறது. மகன் மில்லுக்குப் போகும் வழக்கம் அற்றுவிட்டது. வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுவது, அம்பாசமுத்திரம் முதல் ஆலங்குளம் வரை உள்ளது போலவே, பெண்களின் வருமானம். பாபநாசம் திருவள்ளுவர் கல்லூரியில் படித்தவர்கள் ஆசிரியராகவும் அரசு ஊழியராகவும் போனார்கள். மற்றவர்கள் சென்னை, திருப்பூர், வளைகுடா. மலைப்பக்கம் விரிய வழியில்லை: முண்டந்துறை சரணாலயமும் களக்காடு சரணாலயமும் 1988-இல் புலிகள் காப்பகமாகச் சேர்க்கப்பட்டபின், பாபநாசம் சோதனைச்சாவடிக்கு மேலே வனத்துறையின் நாடு. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குத் திரளும் கூட்டம் மட்டும் சில நாள் அதை மீறிக்கொண்டு ஏறும்.

1986-இல் முடிந்த சேர்வலாறு அணை (156 அடி, 20 மெகாவாட்) காரையாறு அணையோடு சுரங்கத்தால் இணைந்தது. இவ்வளவு அணை இருந்தும் 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஆறு கரைமீறிப் பாய்ந்தது. வெள்ளம் இல்லாத நாளில் ஆற்றுக்கு வேறொரு கேடு. பாபநாசத்தில் நீராடிப் பாவம் தொலைக்க வருகிறவர்கள் உடுத்த துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்கள்; தன்னார்வலர்களும் நகராட்சியும் அவ்வப்போது டன் கணக்கில் அள்ளுகிறார்கள். துணியை ஆற்றில் விடுவதற்கு எந்த ஆகமத்திலும் ஆதாரம் காட்டுவார் இல்லை. நூல் நூற்கும் ஊரின் படித்துறையில் துணி குப்பையாய்க் குவிகிறது.

2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானபோது பக்கத்துக் கடையமும் ஆழ்வார்குறிச்சியும் அங்கே போயின, வி.கே.புரம் அம்பாசமுத்திரத்தோடு திருநெல்வேலியிலேயே நின்றது. தென்காசி மாவட்ட எல்லை ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டரில் தொடங்குகிறது.