ஹார்னடே பதக்கம்

அமெரிக்கச் சாரணர் இயக்கம் இயற்கை வளப் பாதுகாப்புப் பணிக்காக 2020 வரை வழங்கிய உயர் விருது. சுற்றுச்சூழல் பணிக்கு இளையோரைப் பாராட்டும் விருதுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று.

இதைத் தோற்றுவித்தவர் வில்லியம் டெம்பிள் ஹார்னடே (1854–1937). அருங்காட்சியகங்களுக்கு விலங்குகளைப் பாடம் செய்து தரும் தொழிலில் தொடங்கியவர். 1877இல் ஆனைமலைக் காடுகளுக்கு வந்து யானை, காட்டெருது, புலி ஆகியவற்றைச் சுட்டுச் சேகரித்தார். அப்பயண அனுபவங்கள் 1885இல் நூலாயின. 1886இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக மொன்டானாவில் அமெரிக்கக் காட்டெருதுகளை வேட்டையாடச் சென்றார். கோடிக்கணக்கில் திரிந்த இனம் சில நூறாகக் குறைந்திருந்ததை அங்கே கண்டதே அவரைப் பாதுகாவலராக்கியது என்பது பொதுவான கூற்று. மாற்றம் அத்தனை விரைவானதன்று என்பாரும் உளர். 1896 முதல் முப்பது ஆண்டுகள் நியூயார்க் விலங்கியல் பூங்காவை நடத்தினார். 1907இல் அங்கு வளர்ந்த 15 அமெரிக்கக் காட்டெருதுகள் ரயிலேறி ஓக்லஹோமாவின் விசிட்டா மலைப்பகுதிக்குச் சென்றன. அவற்றை வரவேற்க வந்தவர்களுள் கொமான்சே பழங்குடித் தலைவர் குவானா பார்க்கரும் இருந்தார் என்பர்.

1914இல் 'வனவிலங்குப் பாதுகாப்புப் பதக்கம்' என்ற பெயரில் ஹார்னடே இவ்விருதை நிறுவினார். அவர் மறைந்தபின் சாரணர் இயக்கம் இதை ஏற்று அவர் பெயரைச் சூட்டியது.

1970களின் தொடக்கத்தில், டூபான்ட் நிறுவனத்தின் நிதியுதவியுடன், விருது பல படிகளாக விரிந்தது. ஒரு திட்டத்தை முடித்தவருக்கு வில்லை, மூன்றுக்கு வெண்கலப் பதக்கம், நான்குக்கு வெள்ளிப் பதக்கம். பதக்கம் பெற, திட்டங்கள் வெவ்வேறு துறைகளைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டியிருந்தது: மண்-நீர்ப் பாதுகாப்பு, வனவிலங்கு மேலாண்மை, காடு, மாசுக் கட்டுப்பாடு, அயல் களைகளை அகற்றுதல் முதலியன. ஒரு நாள் மரக்கன்று நட்டுப் படமெடுத்துக்கொள்வது போதவில்லை. ஓடைக்கரை ஏன் அரிக்கிறது, எந்தச் செடி அதை நிறுத்தும் என்பதைத் துறை வல்லுநர் ஒருவரிடம் கேட்டுப் படித்து, திட்டம் வரைந்து, ஆட்களைத் திரட்டி, விளைவைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் ஒரே கரையைப் பார்த்துப் பழகும் இந்தப் பொறுமைதான் விருதின் உயிராக இருந்தது. பதக்கம் பெற்றோர் மிகச் சிலரே: ஒரு நூற்றாண்டில் ஆயிரத்தைச் சற்றே தாண்டியதாகச் சொல்வர், கணக்குகளில் வேறுபாடு உண்டு.

ஹார்னடேயின் புகழில் அழியாத கறை ஒன்றுண்டு. 1906 செப்டம்பரில், காங்கோவைச் சேர்ந்த ஓட்டா பெங்கா என்ற இளைஞர் அவர் பூங்காவின் குரங்குக் கூடத்தில் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டார். கறுப்பினப் போதகர்கள் எதிர்த்தபோதும் ஹார்னடே அதை நியாயப்படுத்தினார். முதன்மைப் பொறுப்பு அவருடையதா, பூங்காவை நிறுவிய சங்கத்தாருடையதா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்ததில்லை. ஓட்டா பெங்கா 1916இல் தற்கொலை செய்துகொண்டார். பூங்காவை நடத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் 2020 ஜூலையில் மன்னிப்புக் கோரியது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் சாரணர் இயக்கம் ஹார்னடேயின் பெயரை நீக்கி, 'சிறப்புப் பாதுகாப்புப் பணி விருது' என்ற புதிய விருதை அறிவித்தது. இயக்கமே 2025 பிப்ரவரி முதல் 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' என வழங்கப்படுகிறது.