ஒரு ஒய் கூடிப்போச்சு!

போன வாரம் நண்பர் ஒருத்தர் கேட்டார்: "குழந்தையோட எச்சிலை அனுப்பினா, பின்னாடி எப்படி வருவான்னு ஜீனைப் பார்த்தே சொல்றாங்களாமே, பண்ணிடலாமா?" எனக்கு உடனே பாஸ்டன் கதைதான் ஞாபகம் வந்தது.

கதை ஆரம்பிப்பது ஸ்காட்லாந்தில், 1965-ல். ஆண்களுக்குப் பொதுவாக ஒரு எக்ஸ், ஒரு ஒய் குரோமோசோம். ஆயிரத்தில் ஒருத்தருக்கு, ஏறக்குறைய, இன்னொரு ஒய் கூடுதலாக இருக்கும். கார்ஸ்டேர்ஸ் என்ற பலத்த காவலுள்ள மனநல மருத்துவமனையில் பட்ரீஷியா ஜேக்கப்ஸ் குழு சோதித்தபோது, இவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தார்கள். அவ்வளவுதான்! குற்றத்துக்கே ஒரு குரோமோசோம் இருக்கு என்று கிளப்பிவிட்டார்கள். சிகாகோவில் 1966-ல் எட்டு இளம்பெண்களைக் கொன்ற ரிச்சர்ட் ஸ்பெக்குக்கும் அதுதான் என்று செய்தி வந்தது. அவனுக்கு இருந்தது சாதாரண எக்ஸ்-ஒய். ஆனா மறுப்பை யாரு படிக்கிறா?

1968-ல் பாஸ்டனில் மனநல மருத்துவர் ஸ்டான்லி வால்சர், பிறந்த ஆண் குழந்தைகளின் குரோமோசோமைச் சோதித்து, அவர்கள் வளர்வதைக் கவனிக்கத் தொடங்கினார். முன்கூட்டித் தெரிந்தால் உதவலாமே என்பது அவர் வாதம். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் ஹார்வர்டின் ஜான் பெக்வித் போன்றவர்கள் மடக்கினார்கள்: பெற்றோரிடம் சொன்னால், பையன் பொம்மையை உடைச்சாலும் "அந்த குரோமோசோம்தான்" என்று பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் அது ஏமாற்று. இரண்டிலும் அடிபடுவது குழந்தை. ஹார்வர்ட் மருத்துவ ஆசிரியர்கள் பெருவாரியாக வால்சரை ஆதரித்தும், எதிர்ப்பு தாங்காமல் 1975-ல் புதுக் குழந்தைகளைச் சோதிப்பதை அவர் நிறுத்திவிட்டார். அடுத்த வருடமே டென்மார்க் ஆய்வு வந்தது: இவர்கள் வன்முறையாளர்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை!

அதுக்காகச் சோதனையே கூடாதுன்னு சொல்லலை. பிறந்த குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுத்து ஃபீனைல்கீட்டோனூரியாவைக் கண்டுபிடிக்கிறார்கள். உடனே உணவை மாற்றினால் மூளை பிழைக்கும். அது வேறு. நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "இப்போ தெரிஞ்சா, இப்போ செய்ய ஏதாவது இருக்கா? இல்லேன்னா, பெரியவனாகி அவனே முடிவு பண்ணட்டுமே."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் "அவன் பேரைக்கூட நான்தான்யா வெச்சேன், அவனைக் கேட்டா வெச்சேன்?" என்றார். பேரைப் பிடிக்கலேன்னா மாத்திக்கலாம். இதை?

நீங்க என்ன சொல்றீங்க?