எம்ராப் வாகனத் திட்டம்

இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சாலையோரக் குண்டுகளுக்கு வீரர்களைப் பறிகொடுத்துவந்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, கண்ணிவெடியைத் தாங்கும் ‘எம்ராப்’ கவச வாகனங்களை அவசரமாக வாங்கிக் களத்துக்கு அனுப்பிய திட்டம். அவற்றை ஓட்டவும் பழுதுபார்க்கவும் ஆட்களைப் பழக்குவதும் இதில் அடங்கும். 2007 முதல் 2012 வரை நடந்த இத்திட்டத்தில் 27,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் வாங்கப்பட்டன. செலவு 4,500 கோடி டாலரைத் தாண்டியது. வாங்குவதில் காட்டிய வேகத்துக்குப் பயிற்சியும் பராமரிப்பும் பின்தங்கியதும், பிறகு மெல்ல ஈடுகட்டப்பட்டதும் இதன் வரலாற்றின் பெரும்பகுதி.

முன்னோடிகள்

கண்ணிவெடி தாங்கும் வாகனங்கள் ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில் உருவானவை. 1970களில் ரொடீசியாவில் நடந்த போரில் மண்சாலைகளெங்கும் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. ஊர்தியின் அடிப்பாகத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, படகின் அடியைப் போல நடுவில் கூராக அமைத்தால், வெடியின் வேகம் இருபுறமும் சிதறிப்போகும் என்பதை அங்கே கண்டுகொண்டனர். தென்னாப்பிரிக்கா இதை வளர்த்தெடுத்து பஃபல், காஸ்பிர், மாம்பா முதலிய ஊர்திகளைச் செய்தது. அந்நாட்டின் ஆர்.ஜி.-31, பின்னாளில் எம்ராப் வரிசையிலேயே இடம்பெற்றது.

தாமதம்

2003இல் இராக்கில் நுழைந்த அமெரிக்கப் படைகளின் அன்றாட வாகனம் ஹம்வீ. தட்டையான அடிப்பாகமும் தாழ்ந்த உடலும் கொண்ட அது, போர்முனைக்குப் பின்னால் ஆளையும் சரக்கையும் ஏற்றிச் செல்வதற்கென்று செய்யப்பட்டது. இராக்கிலோ போர்முனை என்று தனியாக ஓரிடம் இல்லை. எந்தச் சாலையிலும் குண்டு இருக்கலாம். பக்கங்களில் கவசத் தகடு பொருத்தியும், அடியிலிருந்து வரும் வெடிக்கு ஹம்வீ ஈடுகொடுக்கவில்லை.

2005 பிப்ரவரியில் அன்பார் மாகாணத்திலிருந்த மரைன் படையினர் 1,169 எம்ராப் வாகனங்களை அவசரத் தேவையாகக் கேட்டனர். கோரிக்கை நிறைவேறவில்லை, கூடுதல் கவசமிட்ட ஹம்வீகளே போதும் என்று மேலிடம் முடிவுசெய்தது. போர் விரைவில் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையும், வருங்கால வாகனங்களுக்கென ஒதுக்கிய பணத்தில் கைவைக்கத் தயங்கியதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

2006 டிசம்பரில் பாதுகாப்பு அமைச்சராகப் பதவியேற்ற ராபர்ட் கேட்ஸ், அன்பாரில் கூகர் என்னும் எம்ராப் வகை ஊர்திகளில் சென்ற மரைன்கள் நூற்றுக்கணக்கான குண்டுத் தாக்குதல்களில் உயிர்தப்பியதை ஒரு நாளிதழ்ச் செய்தியில் படித்தார். 2007 மே மாதம் எம்ராப் வாங்குவதே துறையின் தலையாய கொள்முதல் என அறிவித்தார். ஜூனில் அதற்கு ‘டி.எக்ஸ்.’ என்னும் உயர் முன்னுரிமை கிடைத்தது. உருக்கு, டயர், அச்சு என எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் இத்திட்டத்துக்குத்தான் முதலில் கொடுக்கவேண்டும் என்பது அதன் பொருள்.

கொள்முதலும் அனுப்புதலும்

புதிதாக ஒரு வாகனத்தை வடிவமைத்துச் சோதித்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், கையில் இருக்கும் வடிவங்களை எல்லாம் ஒரே நேரத்தில் வாங்க முடிவாயிற்று. ஒன்பது நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் அளித்து, மேரிலாந்திலுள்ள அபர்தீன் சோதனைத்தளத்தில் அவற்றின் வண்டிகளை வெடிவைத்துப் பார்த்தனர். தேறியவற்றுள் ஃபோர்ஸ் புரொடெக்‌ஷனின் கூகர், நேவிஸ்டாரின் மேக்ஸ்ப்ரோ, பி.ஏ.இ. சிஸ்டம்ஸின் ஆர்.ஜி.-33, கைமன் ஆகியவை முக்கியமானவை. மேக்ஸ்ப்ரோவின் கவசம் பெரும்பாலும் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டது. அடிபட்ட தகட்டைக் களத்திலேயே கழற்றி மாற்றலாம்.

வண்டிகள் மூன்று வகைப்பட்டன. நகர்ப்புற ரோந்துக்கான சிறியவை முதல் வகை. வாகனத் தொடர்களின் காவலுக்கும் ஆளேற்றவும் உதவும் பெரியவை இரண்டாம் வகை. நீண்ட இயந்திரக் கையால் குண்டைக் கிளறி எடுக்கும் பஃபலோ மூன்றாம் வகை.

ஆலையிலிருந்து வெளிவந்த வண்டி நேரே களத்துக்குப் போகவில்லை. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் இருந்த கடற்படை மையத்தில் அதற்கு ரேடியோ, இடங்காட்டும் கருவி, தொலைவிலிருந்து குண்டை வெடிக்கச்செய்யும் அலைகளைத் தடுக்கும் கருவி ஆகியவற்றைப் பொருத்தினர். முதலில் வந்தவை சரக்கு விமானங்களில் ஏற்றப்பட்டன. கப்பலைவிட விமானச் செலவு பல மடங்கு அதிகம் என்பதால், எண்ணிக்கை பெருகியதும் பெரும்பாலானவை கடல்வழியே சென்றன. 2007 முடிவதற்குள் இராக்கில் 1,500 வண்டிகள் என்ற இலக்கு எட்டப்பட்டது.

பயிற்சி

செய்த வண்டியெல்லாம் களத்துக்கே போனதால், தாய்நாட்டில் பழகுவதற்கு வண்டி இல்லை. பல படைப்பிரிவினர் எம்ராப்பை முதன்முதலில் கண்டதே குவைத்தில் அல்லது இராக்கில் இறங்கிய பிறகுதான். ஹம்வீயைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு எடையும் கூடுதல் உயரமும் கொண்ட வண்டியை, ஹம்வீ ஓட்டிய கையோடு ஓட்டவேண்டியிருந்தது. கால்வாய்க் கரைகளும் சாலை ஓரங்களும் எடை தாங்காமல் இடிந்தன. 2007 நவம்பருக்கும் 2008 ஜூனுக்கும் இடையே பதிவான 66 விபத்துகளில் 40ஐ ஒட்டியவை வண்டி கவிழ்ந்ததால் நேர்ந்தவை. தாழத் தொங்கிய மின்கம்பிகளில் வண்டியின் உச்சி உரசுவது இன்னோர் ஆபத்து.

இதையடுத்து, கவிழ்ந்த வண்டியிலிருந்து வெளியேறும் பயிற்சிப் பொறிகள் பரவலாயின. எம்ராப்பின் உடற்கூட்டை ஓர் உருளும் சட்டத்தில் மாட்டி, உள்ளே முழுக் கவச உடையில் வீரர்களை அமர்த்தி, வாரால் கட்டி, மோட்டாரால் சுழற்றுவார்கள். சாயத் தொடங்கியதும் எல்லோரும் “கவிழ்கிறது!” என்று மும்முறை கத்தவேண்டும், மேலே நிற்கும் துப்பாக்கி வீரரைப் பக்கத்திலிருப்பவர் உள்ளே இழுத்துவிட வேண்டும். தலைகீழாக நின்றதும் ஒரு கையைக் கூரையில் ஊன்றிக்கொண்டு மறு கையால் வாரை அவிழ்க்கவேண்டும். ஊன்றாமல் அவிழ்த்தவர் தலைகுப்புற விழுவார். எந்தக் கதவு திறக்கும் என்பது பயிற்றுநருக்கு மட்டுமே தெரியும். வெளியே வந்தபின் ஆள் எண்ணிப் பார்ப்பதோடு பாடம் முடியும்.

பழுதுபார்ப்போரின் சிக்கல் வேறு. பல நிறுவனங்களின் பல மாதிரிகள் என்றால் எஞ்சின், அச்சு, மின்சுற்று எல்லாமே வேறுவேறு. ஒன்றின் உதிரிபாகம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. தொடக்கத்தில் நிறுவனங்களே தத்தம் ஆட்களைக் களத்துக்கு அனுப்பிவைத்தன. ஒரு நிறுவனத்தின் ஆளுக்கு அடுத்த நிறுவனத்தின் வண்டி தெரியாது. டெக்சாஸின் ரெட் ரிவர் படைக்கலக் கிடங்கில் ‘எம்ராப் பல்கலைக்கழகம்’ என்ற பெயரில் தொடங்கிய பயிற்சிப்பள்ளி, ஒருவரே பல மாதிரிகளைக் கவனிக்கும்படி பழக்கியது. இதனால் களத்தில் பணியாளர் தேவை குறைந்தது.

ஆப்கானிஸ்தான்

இராக்கின் தார்ச்சாலைகளுக்குப் பொருந்திய வண்டிகள் ஆப்கானிஸ்தானின் மலைத்தடங்களில் தடுமாறின. 2009 ஜூன் 30 அன்று ஒஷ்காஷ் நிறுவனத்துக்கு 2,244 எம்-ஏ.டி.வி. வண்டிகளுக்கான ஒப்பந்தம் வழங்கப்பட்டது. சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு கொண்ட இதன் உற்பத்தி, அவ்வாண்டு டிசம்பரிலேயே மாதம் 1,000ஐ எட்டியது. மொத்தம் 8,700க்கும் மேற்பட்டவை வாங்கப்பட்டன. இம்முறை பல மாதிரிகளுக்குப் பதில் ஒரே மாதிரி வந்ததால், பயிற்சியும் உதிரிபாகமும் எளிதாயின. கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் பயிற்சி ஆப்கானிஸ்தானின் பெரிய தளங்களிலேயே அளிக்கப்பட்டது.

மதிப்பீடு

இவ்வாகனங்கள் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தன என்பது கேட்ஸ் உள்ளிட்டோரின் உறுதியான கருத்து. கவசமிட்ட ஹம்வீயோடு ஒப்பிட்டால் எம்ராப் காத்த கூடுதல் உயிர்கள் செலவை நியாயப்படுத்தும் அளவுக்கு இல்லை என 2012இல் இரு பொருளாதார ஆய்வாளர்கள் வாதிட்டனர். பாதுகாப்புத் துறை அதை மறுத்தது.

உற்பத்தி 2012இல் நின்றது. போர் தணிந்ததும் பல வண்டிகள் ஆப்கானிஸ்தானிலேயே உடைத்துப் பழைய இரும்பாக்கப்பட்டன. சில அமெரிக்கக் காவல் துறைகளுக்குப் போயின. 2015இல் உஸ்பெகிஸ்தானுக்கு 308 வண்டிகள் அளிக்கப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில், எம்ராப்பின் காப்பையும் ஹம்வீயின் வேகத்தையும் ஒரே வண்டியில் சேர்க்கும் நோக்கில், கூட்டு இலகு உத்திவாகனத்துக்கான ஒப்பந்தம் ஒஷ்காஷுக்குக் கிடைத்தது. அவசரக் கொள்முதலாக எம்ராப் வென்றது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஓட்டுநரையும் பழுதுபார்ப்பவரையும் உதிரிபாகக் கிடங்கையும் வண்டியோடு சேர்த்தே திட்டமிடாவிட்டால் அந்த வெற்றிக்கு விபத்துகளிலும் பராமரிப்புச் செலவிலும் விலைகொடுக்க நேரும் என்பதற்கும் அதுவே சான்றாக எடுத்துக்காட்டப்படுகிறது.