தம் வாழ்வைத் தாமே தேரும் உரிமை

மலாயாவில் மின்னாற்றல் முதன்முதலாகப் பயன்பட்ட ஊர் எங்கள் ரவாங். 1894ஆம் ஆண்டில் தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் தம் ஈயச் சுரங்கத்தில் மின்பொறியை நிறுவினர். அப்பெருமையை மாணவர்க்கு எடுத்துரைக்கும் நாம், அறிவுத்திறன் குறைந்தோர் வாழ்வில் ஒளி எப்போது புகுந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பழந்தமிழர் இவர்களை அறியாதவர் அல்லர். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடிய 28ஆம் புறப்பாட்டு, எண்வகை எச்சப் பிறப்புகளுள் கூன், குறள், செவிடு முதலியவற்றோடு மருளையும் சேர்த்து எண்ணுகிறது. ஆயினும் இப்பிறப்புகளால் பயனில்லை என்பதே அப்பாட்டின் துணிபு. சங்கச் சான்றோர் வாக்கே எனினும், இக்கருத்தை இன்று நாம் ஏற்பதற்கில்லை.

ஆங்கிலேயர் சட்டமும் இதனின் வேறுபட்டதன்று. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் பின்பற்றிய நம் 1950ஆம் ஆண்டுச் சட்டம், தெளிந்த மனமுடையவரே ஒப்பந்தம் செய்யத் தக்கவர் என்றது. 2001இல் இயற்றப்பெற்று 2010இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டமோ, தம்மையும் தம் உடைமையையும் பேண இயலாதவர் என உயர்நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்தால், அவர் பொருட்டுப் பிறரை அமர்த்த இடமளித்தது. காப்பது நோக்கம், ஆனால், காக்கப்படுபவரின் விருப்பம் பின்னுக்குச் சென்றது.

உலகம் வேறு வழியும் கண்டது. 1989இல் சுவீடன், ஒருவரைத் தகுதியற்றவர் என அறிவிக்கும் முறையை ஒழித்தது. 2006 டிசம்பர் 13ஆம் நாள் ஐ.நா. பொதுப்பேரவை ஏற்ற உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, உடற்குறையோ அறிவுக்குறையோ உடையவரும் பிறரோடு ஒத்த சட்டத்தகுதி உடையவரே என்றது. அதனைச் செலுத்துதற்கு வேண்டும் துணையை அரசு நல்க வேண்டும் என்றும் பணித்தது. மலேசியா 2010இல் இதனை ஏற்புறுதி செய்தது. 2005இல் நம் நாட்டில் பதிவுபெற்ற ‘யுனைடெட் வாய்ஸ்’ சங்கத்தை இத்தகையோரே முன்னின்று நடத்தியமையும் ஈண்டுக் கருதத்தக்கது.

துணை என்பது யாது? எளிய சொல்லால் விளக்குதல், படம் காட்டுதல், எண்ணிப் பார்க்கக் காலம் தருதல், அவர் நம்பும் ஒருவரை அருகிருத்துதல். முடிவு மட்டும் அவருடையதாகவே இருத்தல் வேண்டும்.

என் பிழையொன்றையும் சொல்லிவிடுகிறேன். இளமையில் நான் பணியாற்றிய தோட்டப் பள்ளியில் இத்தகைய மாணவன் ஒருவன் இருந்தான். விளையாட்டு விழாவில் அவன் எதில் கலந்துகொள்வான் என்று அவன் தாயைக் கேட்டேன், அவனைக் கேட்கவில்லை. அவனோ என் முகத்தையே பார்த்து நின்றான். சட்டங்கள் மாறுவதற்குக் காலம் ஆகலாம். அவனை நோக்கி, “உனக்கு எது வேண்டும்?” என்று கேட்பதற்கு ஆசிரியர்க்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.