கைக்குழந்தையும் காட்டுவழியும்

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைநாட்டுக்குச் சென்று, கூடாரம் அமைத்து, திறந்த வெளியிற் சமைத்துண்டு சில நாட்கள் தங்கி வருவது இக்காலக் குடும்பங்கள் பலவற்றுக்கு உல்லாசமான பொழுதுபோக்காகும். ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவை நாடிச் செல்வோர் தொகை சொல்லுந்தரமன்று. இதே மலைகளை நோக்கி, இதேபோற் பிள்ளைகளுடன், வழிநெடுகத் தங்கித் தங்கிச் சென்ற வேறொரு கூட்டத்தாரும் இருந்தனர். அவர்களே மலையகத் தமிழரின் முன்னோர்.

இலங்கையிற் கோப்பிப் பெருந்தோட்டங்கள் 1820களில் தோன்றின. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் ஆள் திரட்டினர். கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் ஆண்டிற் சில மாதங்களே. ஆதலால் அக்காலத்தில் வந்தோரிற் பெரும்பாலார் ஆடவர். பருவம் முடிந்ததும் அவருட் பலர் ஊர் திரும்பினர். 1869இற் கண்ட இலைநோய் கோப்பித் தொழிலை 1880களில் அழித்துவிட்டது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரா தோட்டத்திற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் பிள்ளைகளும் வருவர். இவ்வாறு ஒரு பயிரின் இயல்பு, பருவகாலப் பிரயாணத்தைக் குடும்பத்தோடு குடிபெயர்தலாக மாற்றிற்று.

பழைய வடபாதை கடுமையானது. தோணியிற் கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், வன்னிக் காட்டினூடாக நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்தனர். சட்டிபானை தலையில், கைக்குழந்தை இடுப்பில், நடை தளர்ந்த பிள்ளை தகப்பன் தோளில். வழியில் அம்பலம் கிடைத்தால் அங்கு தங்கினர். இல்லையேல் மரத்தடியே வீடு. கிளையிற் கட்டிய பழஞ்சேலையே குழந்தைக்கு ஏணை.

வறண்ட நிலமாகையால் நல்ல தண்ணீர் அரிது. கிடைத்த குட்டை நீரைக் குடித்தோரை வாந்திபேதி வாட்டியது. காட்டுக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. பெரியவர் தாங்கிய நோயைச் சிறு பிள்ளைகள் தாங்கவில்லை. நோயுற்ற பிள்ளைக்காகக் கூட்டம் முழுவதும் காத்திருப்பதற்கு அரிசியும் போதாது, கங்காணியும் பொறான். காட்டோரத்திற் புதைத்துவிட்டு மறுநாட்காலை நடையைத் தொடர்ந்த தாய்மார் பலர். காலப்போக்கில் அரசாங்கம் அப்பாதையிற் கிணறுகளும் கொட்டகைகளும் வைத்தியசாலைகளும் அமைத்தது.

புகையிரதம் 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிற்று. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபின் நடைப்பயணத்தின் துன்பம் ஒழிந்தது. அதன் இடத்தில் மண்டபம் முகாம் வந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய அம்முகாமிற் குடும்பங்கள் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டன. பிள்ளைகளுக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது.

சமவெளியின் வெயிலிற் பிறந்த பிள்ளைகளுக்கு, ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட நுவரெலியாக் குளிர் புதிய சோதனை. தோட்டத்திற் கொடுக்கப்பட்ட கம்பளியின் விலையும் கடனாகத் தகப்பன் கணக்கில் ஏறியது. தாய் மலைக்குச் சென்றபின் பிள்ளைக்குப் பிள்ளைக்காம்பராவே கதியாயிற்று.

1939இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் வெளியேற்றத்தைத் தடை செய்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. பின்னர்ப் பிறக்கும் பிள்ளைகள் இயற்கைப் பெருக்கம் என்ற பெயரில் இரு பக்கமும் சேர்க்கப்பட்டனர். லயத்திற் பிறந்து, தேயிலை மலையன்றி வேறு நிலம் அறியாத சிறுவர் தலைமன்னாரிற் கப்பலேறினர். அவர்களையும் மண்டபம் முகாமே வரவேற்றது. பாட்டனுக்கு அம்மை குத்திய இடத்திற் பேரன் அகதிபோல் அமர்ந்திருந்தான். 1983க்குப் பின் போரால் இடம்பெயர்ந்தோரும் அங்கு தங்கலாயினர். அவ்வூர்ப் புகையிரத நிலையம் மண்டபம் முகாம் என்ற பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது.

இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது. 2023ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், இருநூறாண்டு நினைவாக, மலையக மக்களும் அவர்தம் நண்பர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்து சென்றனர்.

தோட்டங்களிலே தலைமுறைகளின் கணக்கு பெரும்பாலும் உழைத்தோரையும் அவர் பட்ட கடனையும் கொண்டு எழுதப்பட்டது. வழியிலே ஏணையிற் கிடந்தவர்களையும், வழியோடு நின்றுவிட்டவர்களையும் சேர்த்து எழுதினாலன்றி மலையக வரலாறு முழுமை பெறாது.