ப்ளஸ் டூ முடிச்சதும் சினிமா படிக்கலாமா? சென்னைக்கும் புனேவுக்கும் என்ன வித்தியாசம்?

"சினிமா படிக்கப் போறேன்" என்று வீட்டில் சொன்னால், "அதெல்லாம் ஒரு படிப்பா?" என்ற கேள்விதான் முதலில் வரும். படிப்புதான், பல்கலைக்கழகப் பட்டமே கிடைக்கும். ஆனால் எதை முடித்துவிட்டு எங்கே சேரணும் என்று தெரியாமல் இருந்தால் ஒரு வருஷமே வீணாகிவிடும்.

ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு எது?

சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். பலருக்கு இது இன்னும் 'அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்'தான். ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் படித்த இடம். 1986-ல் வந்த 'ஊமை விழிகள்' படத்தை எடுத்ததும் இங்கே படித்தவர்கள்தான்.

முன்பு இங்கே டிப்ளமோ மட்டுமே. இப்போது 4 ஆண்டு பி.வி.ஏ. பட்டப்படிப்பு. தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது. டைரக்‌ஷன், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங், அனிமேஷன் போன்ற பிரிவுகள் உண்டு.

புனே, கொல்கத்தா?

புனே எஃப்.டி.ஐ.ஐ. 1960-ல் தொடங்கியது, கொல்கத்தா சத்யஜித் ரே நிறுவனம் 1995-ல். இரண்டும் மத்திய அரசு நிறுவனங்கள். டைரக்‌ஷன், ஒளிப்பதிவு, எடிட்டிங் போன்ற 3 ஆண்டு படிப்புகளில் சேர ஏதாவது ஒரு டிகிரி முடித்திருக்கணும். ப்ளஸ் டூவோடு இவற்றுக்கு விண்ணப்பிக்க முடியாது. 2025 ஏப்ரலில் இரண்டுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைத்தது. அதனால் டிப்ளமோவுக்குப் பதில் பட்டமே வழங்க முடியும்.

எந்த குரூப் படிக்கணும்?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். சென்னையில் ஒளிப்பதிவு படிக்கவும், புனேவில் ஒலிப்பதிவு படிக்கவும் ப்ளஸ் டூவில் இயற்பியல் இருக்கணும். பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே இதை யோசிக்கணும். வயது வரம்பு உண்டா என்பதையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன சொல்லித் தருவார்கள்?

பாதி வகுப்பு, பாதி ஷூட்டிங். டைரக்‌ஷன் மாணவர் எடுக்கும் குறும்படத்துக்கு ஒளிப்பதிவு மாணவர் கேமரா பிடிப்பார், எடிட்டிங் மாணவர் வெட்டி ஒட்டுவார். கேமராவைவிட, கூடப் படிக்கும் இந்த டீம்தான் பெரிய சொத்து. 2024 கான் விழாவில் மாணவர் படங்களுக்கான 'லா சினெஃப்' முதல் பரிசை வென்ற சிதானந்த நாயக், எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு புனேவுக்குப் போனவர். அங்கே ஓராண்டு டிவி டைரக்‌ஷன் படிப்பில் சேர்ந்து, சக மாணவர்களோடு எடுத்த படம் அது.

வேலை கிடைக்குமா?

உத்தரவாதம் இல்லை. பெரும்பாலானோர் உதவியாளராகத்தான் தொடங்குகிறார்கள். ஆனால் கையில் பட்டம் இருந்தால், 'ஏதாவது ஒரு டிகிரி' கேட்கும் அரசுத் தேர்வுகளையும் எழுதலாம். பெற்றோரிடம் பேசும்போது இதை முதலில் சொல்லுங்கள்!